புள்ளி மறைந்தால் மீன் குணமாகிவிட்டதா? கடல்மீன் தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய்

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். பவுடர் ப்ளூ டாங் என்ற நீலநிறக் கடல்மீனை வளர்ப்பவர். குரலில் அத்தனை சந்தோஷம்.

"அண்ணே, நம்ம பவுடர் ப்ளூ சரியாயிடுச்சு. மூணு நாளா உடம்பு பூரா புள்ளியா இருந்துச்சுல்ல? இன்னிக்குக் காலையில லைட்டைப் போட்டுப் பார்த்தா ஒண்ணுகூட இல்ல. பூண்டுச்சாறு வேலை செஞ்சிருச்சுண்ணே."

"தம்பி, மீனை இன்னிக்கே அந்தத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துடுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. குணமான மீனை ஏன் பிடித்துத் தொந்தரவு செய்யவேண்டும் என்று நினைத்திருப்பார். எட்டாம் நாள் மறுபடி போன் வந்தது. இந்த முறை டாங் மீன் ரவையில் புரட்டி எடுத்ததுபோல இருந்தது. கூட இருந்த இரண்டு கோமாளி மீன்களின் துடுப்பிலும் புள்ளிகள்.

கடல்மீன் வளர்க்கத் தொடங்கும் பலரும் இடறி விழுவது இந்த இடத்தில்தான். புள்ளி தெரிந்தால் நோய், மறைந்தால் குணம் என்று நம் கண் சொல்கிறது. இந்த நோயில் கண் சொல்வதை நம்பக்கூடாது. ஏன் என்பது விளங்கிவிட்டால், மருந்து எப்போது வேலை செய்யும், எத்தனை நாள் பொறுக்கவேண்டும், மீனை ஏன் இடம் மாற்றவேண்டும் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

அந்தப் புள்ளி என்ன?

மீனின் மேல் உப்புக்கல் தூவியதுபோலத் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஓர் உயிர் இருக்கிறது. ஒரே செல்லால் ஆன ஒட்டுண்ணி அது. பெயர் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ். 1930களில் ஜப்பானில் இதை முதலில் விவரித்தார்கள். இந்தப் பெயர் 1951இல் வந்தது. நன்னீர் மீன்களுக்கு வருகிற வெள்ளைப்புள்ளி நோய் பார்க்க அச்சு அசல் இதேபோல் இருக்கும். ஆனால் அது வேறு உயிர், இது வேறு உயிர். அங்கே பலிக்கிற வைத்தியம் இங்கே பலிக்காது. கப்பி, மோலி வளர்த்துவிட்டு கடல்மீனுக்கு வருகிறவர்கள் இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கையில் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் அது மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, மீனின் திசுவைத் தின்று வளர்கிறது. நாம் பார்க்கிற புள்ளி இதுதான். தோலுக்கு அடியில் போர்வை போர்த்திக்கொண்டு இருப்பதால் தண்ணீரில் கலக்கிற மருந்து எதுவும் இதை எட்டாது. மூன்று முதல் ஏழு நாட்கள் வரை இப்படி இருக்கும். பிறகு வயிறு நிறைந்ததும் தானாகவே மீனை விட்டு இறங்கிவிடும். மீனின் உடம்பில் புள்ளி மறைகிறதே, அது இந்த நாளில்தான். பூண்டு கொடுத்தாலும் மறையும், கொடுக்காவிட்டாலும் மறையும்.

இறங்கியது சில மணிநேரம் மணலிலும் கல்லிலும் ஊர்ந்து திரிந்து ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. தன்னைச் சுற்றி ஓர் ஓடு கட்டிக்கொண்டு, அதற்குள் இரண்டாக, நான்காக, எட்டாகப் பிளக்கத் தொடங்குகிறது. இந்த ஓட்டுக்குள்ளும் மருந்து புகாது. எத்தனை நாளில் ஓடு உடையும் என்பதற்குக் கணக்கே இல்லை என்பதுதான் நம் தலைவலி. மிகச் சீக்கிரம் என்றால் மூன்று நாள். பெரும்பாலானவை நான்கு வாரத்துக்குள் உடைந்துவிடும். ஆனால் 72 நாள் கழித்து உடைந்ததையும் ஆய்வுக்கூடத்தில் பதிவுசெய்திருக்கிறார்கள்.

ஓடு உடையும்போது ஒன்றிலிருந்து இருநூறு குஞ்சுகள்வரை நீந்தி வரும். கண்ணுக்குத் தெரியாத இந்த நீந்தும் குஞ்சுகளுக்கு ஒன்று இரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைத்தாகவேண்டும், கிடைக்காவிட்டால் செத்துவிடும். போர்வையும் இல்லாமல் ஓடும் இல்லாமல் அது வெளியே இருக்கிற ஒரே நேரம் இதுதான். மருந்து கொல்வதும் இந்தக் கட்டத்தை மட்டும்தான்.

தம்பியின் டாங் மீனில் முதல் நாள் பத்து புள்ளி இருந்தது என்று வையுங்கள். அந்தப் பத்தும் இறங்கி, ஓடு கட்டி, உடைந்தால் இரண்டாயிரம் குஞ்சுகள். புள்ளியில்லாத அந்த நல்ல நாட்களில் மணலுக்குள் நடந்துகொண்டிருந்தது இதுதான்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். இவை மீனைவிட்டு இறங்குவதும், குஞ்சுகள் வெளியே வருவதும் பெரும்பாலும் இருட்டில். பவளப்பாறையில் வாழும் மீன்கள் பகலெல்லாம் சுற்றிவிட்டு இரவில் பாறை இடுக்கில் ஒதுங்கித் தூங்கும். தூங்கும் மீனிலிருந்து இறங்கினால் அது படுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஓடு கட்டலாம். விடியுமுன் குஞ்சு பொரித்தால் மீன் அதே இடத்தில் அசையாமல் கிடக்கும். எத்தனை நுணுக்கமான ஏற்பாடு பாருங்கள்! இருந்தும் கடலில் இந்த நோயால் மீன்கள் கொத்துக்கொத்தாகச் சாவது அரிது. அலையும் நீரோட்டமும் பெரும்பாலான குஞ்சுகளை அடித்துக்கொண்டு போய்விடும். நம் வீட்டு 200 லிட்டர் தொட்டியில் அவை எங்கே போகும்? கண்ணாடிக்குள் சுற்றிச்சுற்றி அதே மீனிடம்தான் வரும். கடலில் கூண்டு கட்டிக் கொடுவா மீன் வளர்ப்பவர்களுக்கும் இதே ஒட்டுண்ணி பெரும் நஷ்டம் தருவது இதனால்தான். கூண்டுக்குள் நெருக்கம் அதிகம். மீன் தப்பிப் போக வழியில்லை.

மருந்துக்கு முன்னால் கண்ணும் டெஸ்ட் கிட்டும்

மீன் சோர்ந்தால் உடனே மருந்துப் பாட்டிலைத் தேடாதீர்கள். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியா, சலினிட்டி (தண்ணீரின் உப்பளவு), வெப்பநிலை மூன்றும் போதும். செவுள் மூடி வேகமாக அடிப்பது, மேல்மட்டத்தில் வந்து மூச்சு வாங்குவது, சாப்பிடாமல் மூலையில் நிற்பது எல்லாம் அம்மோனியாவாலும் வரும். நன்னீர்த் தொட்டியில் பெரிய கேடு செய்யாத அளவு அம்மோனியாகூடக் கடல்நீரில் கொல்லும். பி.எச் 7இல் மொத்த அம்மோனியாவில் விஷமான வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கடல்நீரின் பி.எச் 8.2இல் அது பத்து மடங்குக்கும் மேல். தண்ணீரே விஷமாக இருக்கும்போது அதில் மருந்தையும் கலந்தால் மீன் இரட்டை அடி வாங்கும்.

தண்ணீர் சரியாக இருந்தால் மீனைப் பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. எண்ணக்கூடிய அளவில், உப்புக்கல் அளவில், தனித்தனிப் புள்ளிகள் இருந்தால் வெள்ளைப்புள்ளி நோய். மாவு தூவியதுபோல, லேசாகப் பொன் தூள் மாதிரி உடம்பெல்லாம் படிந்திருந்தால் அது வெல்வெட் நோய். அமிலூடினியம் என்ற வேறோர் ஒட்டுண்ணியால் வருவது. வெல்வெட் வந்த மீன் வெளிச்சத்துக்கு ஒதுங்கும். பம்பு தள்ளும் தண்ணீருக்கு நேராக முகத்தைக் காட்டி நிற்கும். தூள் கண்ணுக்குத் தெரியும்போது செவுள் ஏற்கெனவே பாழாகியிருக்கும். இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகிவிடலாம். இதில் நாளை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. தாமிர மருந்து அன்றைக்கே தொடங்கவேண்டும்.

கோமாளி மீனின் உடம்பிலிருந்து வழவழவென்று தோல் உரிவதுபோலச் சளி தொங்கினால் அது புரூக்லினெல்லா என்ற இன்னோர் ஒட்டுண்ணி. அதற்குத் தாமிரம் பயன்படாது. ஃபார்மலின் கலந்த மருந்து வேண்டும். கண் மங்கலாகி, மீன் கல்லில் உரசிக்கொண்டே இருந்தால் தட்டைப்புழுவாக இருக்கலாம். வெப்பமும் பி.எச்சும் சமமாக்கிய நன்னீரில் ஐந்து நிமிடம் மீனை விட்டால், வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் பாத்திரத்தின் அடியில் உதிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். துடுப்பு ஓரத்தில் காலிஃபிளவர் போல ஒரு கட்டி மட்டும் இருந்து, மீன் நன்றாகச் சாப்பிட்டால் அது வைரஸ் கட்டி. அதை ஒன்றும் செய்யாதீர்கள். நல்ல தண்ணீரும் நல்ல தீனியும் இருந்தால் தானாகவே உதிரும்.

ஒரு பழக்கம் சொல்கிறேன். மீன் நன்றாக இருக்கிற நாளில் அதன் செவுள் மூடி 15 விநாடியில் எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணி, நாலால் பெருக்கி எழுதி வையுங்கள். ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வோர் எண். சந்தேகம் வரும் நாளில் அந்த எண்தான் கை கொடுக்கும். ஒட்டுண்ணி முதலில் செவுளில்தான் இடம்பிடிக்கும். தோலில் புள்ளி வருமுன்பே மூச்சு கூடிவிடும்.

கடல்மீனுக்கு எப்போதும் தாகம்

ஒட்டுண்ணி தோலில் துளை போட்டால் மீன் ஏன் இவ்வளவு சீக்கிரம் சோர்கிறது? ஊறுகாய் போடும்போது மாங்காயில் உப்பைத் தூவினால் தண்ணீர் விடுகிறதல்லவா? கடல்மீனின் நிலையும் அதுதான். அதன் உடம்புக்குள் இருக்கிற உப்பைவிட வெளியே கடலில் உப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் உடம்பிலிருந்து தண்ணீர் ஓயாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டக் கடல்மீன் கடல்நீரையே குடிக்கிறது. குடித்ததில் வரும் அதிகப்படி உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. கடலுக்குள்ளேயே இருந்துகொண்டு நாளெல்லாம் தாகத்தோடு போராடுகிற உயிர் அது. நன்னீர் மீன் இதற்கு நேர்மாறு: அது தண்ணீர் குடிப்பதே அபூர்வம், உள்ளே வரும் தண்ணீரை வெளியேற்றுவதே அதன் வேலை.

தோலில் நூறு புள்ளி என்றால் நூறு ஓட்டை. ஒவ்வொன்றின் வழியாகவும் தண்ணீர் கசியும். செவுளும் புண்ணானால் உப்பைத் தள்ளுகிற வேலையும் நின்றுபோகும். மூச்சும் முட்டும். வெதுவெதுப்பான உப்புநீரில் ஏற்கெனவே பிராணவாயு குறைவு: 25 டிகிரியில் நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் கரையும், கடல்நீரில் 7க்கும் குறைவுதான். நம் ஊர்க் கோடையில் தண்ணீர் 31 டிகிரிக்குப் போனால் இன்னும் குறையும். எனவே நோயுற்ற மீனுக்கு முதல் மருந்து, தண்ணீரில் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். கரன்ட் போகிற இரவில் அதன் அருமை தெரியும்.

ஆஸ்பத்திரித் தொட்டி

மருத்துவத்தை வீட்டின் பெரிய தொட்டியில் செய்யக்கூடாது. தாமிரம் பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். லைவ் ராக் எனும் உயிர்கள் குடியேறிய பாறைத்துண்டும் மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்வதால் மருந்தின் அளவும் நிற்காது. அதோடு ஓடு கட்டியவை இருப்பது அந்த மணலில்தான். ஆகவே மீனை வெளியே எடுக்கவேண்டும். எல்லா மீனையும். புள்ளி தெரியாத மீனின் செவுளில் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும்.

ஆஸ்பத்திரித் தொட்டிக்கு அழகு வேண்டாம். 40 முதல் 80 லிட்டர் கண்ணாடித் தொட்டியோ சுத்தமான பிளாஸ்டிக் தொட்டியோ போதும். மணல், கல் எதுவும் வேண்டாம். பிளம்பிங் கடையில் வாங்கும் பி.வி.சி. எல்போ இரண்டு மூன்று போட்டால் மீன் ஒளிந்துகொள்ளும். பயம் தெளிந்தால்தான் சாப்பிடும். ஏர் ஸ்டோன், தெர்மாமீட்டர், குளிர் ஊர்களில் ஹீட்டர், மேலே வலை மூடி. கடல்மீன் குதிக்கும். மூடியில்லாத தொட்டியிலிருந்து காலையில் தரையில் காய்ந்து கிடக்கும் மீனைப் பொறுக்கிய துக்கம் எனக்கு உண்டு.

தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்புக் கலவை போட்டு, ஒருநாள் முழுக்க பம்பு ஓடவிட்டுக் கலந்தது. சமையல் கல்லுப்பு உதவாது. அதில் கால்சியம், மக்னீசியம், கார உப்புகள் கடல்நீரின் அளவில் இருக்காது. சலினிட்டி 1.025 (அதாவது நன்னீரைவிட 1.025 மடங்கு அடர்த்தி), வெப்பம் 25இலிருந்து 27 டிகிரி.

மூன்று வழிகள்

எனக்குப் பிடித்த வழி மருந்தே இல்லாதது. தொட்டி மாற்றும் முறை என்று சொல்லலாம். மேலே சொன்ன நாட்கணக்கை மட்டும் வைத்து ஒட்டுண்ணியைத் தோற்கடிப்பது.

ஓடு கட்டியது உடையக் குறைந்தது மூன்று நாள் ஆகும் அல்லவா? அப்படியென்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை மீனை வேறு சுத்தமான தொட்டிக்கு மாற்றிவிட்டால்? அந்த மூன்று நாளில் மீனிலிருந்து இறங்கிய எல்லாம் பழைய தொட்டியில் ஓட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அவை பொரியும்போது மீன் அங்கே இருக்காது. மீனின் மேல் ஒட்டுண்ணி தங்குவது அதிகபட்சம் ஒரு வாரம். ஆகவே இப்படி நான்கு முறை மாற்றினால், இறங்கவேண்டியது எல்லாம் இறங்கி முடிந்திருக்கும். புதிதாக ஏறவும் எதுவும் இருக்காது.

முதல் நாள் மீனை முதல் தொட்டியில் விடுங்கள். 4ஆம் நாள், 7ஆம் நாள், 10ஆம் நாள், 13ஆம் நாள் மாற்றுங்கள். இரண்டு தொட்டிகள் போதும், மாறி மாறிப் பயன்படுத்தலாம். 72 மணிநேரத்தைத் தாண்டவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை செய்துகொள்ளலாம் என்று ஒருநாள் தள்ளினால் அதுவரை பட்ட பாடு வீண். காலியான தொட்டியையும் ஏர் ஸ்டோன், குழாய், பி.வி.சி. துண்டுகளையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி, நன்றாக அலசி, மொட்டைமாடி வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள். காய்ந்தால் இந்த ஒட்டுண்ணி எந்தக் கட்டத்திலும் பிழைக்காது.

மாற்றும்போது டாங் மீனை வலையில் பிடிக்காதீர்கள். வால் அடியில் இரண்டு பக்கமும் மடக்குக் கத்திபோல ஒரு முள் இருக்கும். வலையில் சிக்கினால் மீனுக்கும் காயம், எடுக்கப் போகும் உங்கள் விரலுக்கும் காயம். அரிசி களையும் பிளாஸ்டிக் வடிகூடை நல்லது. பழைய தண்ணீர் புதிய தொட்டிக்குள் முடிந்தவரை போகக்கூடாது. இரண்டு தொட்டியின் வெப்பமும் சலினிட்டியும் முன்னதாகவே சமமாக இருந்தால், கூடையில் எடுத்துத் தண்ணீர் வடிந்ததும் விட்டுவிடலாம். 40 லிட்டர் தொட்டி என்றால் ஐந்து முறை நிரப்ப 200 லிட்டர் தண்ணீர், ஏழு கிலோவுக்கு மேல் உப்பு. செலவுதான். ஆனால் மீனின் உடம்பில் விஷம் எதுவும் போகவில்லை என்ற நிம்மதி பெரிது. இந்த முறை வெள்ளைப்புள்ளி நோய்க்கு மட்டும்தான். வெல்வெட் நோய்க்கு ஆகாது.

இரண்டாவது வழி தாமிரம். வெள்ளைப்புள்ளி, வெல்வெட் இரண்டுக்கும் கேட்கும். வேறு பொருளோடு பிணைத்துத் தயாரித்த செலேட்டட் தாமிரம் இப்போது அதிகம் பயன்படுகிறது. அதன் அளவு லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம். பிணைக்காத தாமிரத்துக்கு அளவு இதைவிட மிகமிகக் குறைவு. இரண்டையும் குழப்பினால் மீன் செத்துவிடும். வாங்கிய பாட்டிலில் எது என்று படித்து, அதற்குப் பொருந்துகிற டெஸ்ட் கிட்டையும் சேர்த்தே வாங்குங்கள். டெஸ்ட் கிட் இல்லாமல் தாமிரம் ஊற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி போடுவது மாதிரி. ஒரே நாளில் முழு அளவுக்குப் போகாமல் இரண்டு மூன்று நாளில் ஏற்றவேண்டும். வெல்வெட் என்றால் அவ்வளவு நேரம் இருக்காது, வேகமாக ஏற்றியாகவேண்டும். அளவை எட்டிய நாளிலிருந்து 30 நாள். நடுவில் ஒருநாள் அளவு இறங்கினாலும் அன்று பொரிந்த குஞ்சு தப்பிவிடும். மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணவேண்டும்.

தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரிலும் அதே அளவு தாமிரம் கலந்த பிறகே ஊற்றவேண்டும். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு மட்டும் வெறும் ஆர்.ஓ. நீர், ஏனென்றால் ஆவியாகிறபோது தாமிரம் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. கார்பன் என்ற வடிகட்டும் கரி தாமிரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் ஃபில்டரில் அது இருக்கக்கூடாது. அம்மோனியாவை முறிக்கும் சொட்டுமருந்துகளைத் தாமிரத்தோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். சில வகைகள் சேர்ந்தால் தாமிரம் பன்மடங்கு விஷமாகிவிடும். அம்மோனியா ஏறினால் தண்ணீர் மாற்றுவதே வழி.

மூன்றாவது வழி சலினிட்டியைக் குறைப்பது. தாகத்தைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். 1.025 இருக்கும் தண்ணீரை இரண்டு நாளில் படிப்படியாக 1.009க்கு இறக்கினால், அந்த நீரின் உப்பு மீனின் உடம்பு உப்புக்குக் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். மீனுக்குத் தாகம் அடங்கும், சோர்வு குறையும். ஒட்டுண்ணிக்கோ அந்த ஓட்டுக்குள் தண்ணீர் புகுந்து அது அழியும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 1.009 என்றால் 1.009தான். 1.012இல் நிறுத்தினால் பயனில்லை. அளவு திருத்திய ரிஃப்ராக்டோமீட்டர் (உப்பளவு பார்க்கும் கருவி) இல்லாதவர்கள் இதில் இறங்கவேண்டாம். கடைசிப் புள்ளி மறைந்து 30 நாள் வரை அப்படியே வைத்து, பிறகு ஒரு வாரம் எடுத்து மெல்ல உப்பை ஏற்றவேண்டும். இறக்குவதை மீன் தாங்கும், ஏற்றுவதைத்தான் தாங்காது. குறைந்த உப்பைத் தாங்கும் ஒட்டுண்ணி வகைகளும் இருக்கின்றன. ஆகவே முதன்முறை செய்பவருக்கு இதை நான் சொல்வதில்லை.

கேட்டுக்கேட்டு அலுத்த மற்ற வைத்தியங்களுக்கும் இரண்டு வார்த்தை. ஹீட்டரைக் கூட்டினால் நன்னீர் வெள்ளைப்புள்ளி மடங்கும். இது வெப்பக்கடலில் பிறந்தது, 30 டிகிரியில் சுகமாக இருக்கும். கிளீனர் இறால் என்ற இறால் வகை, மீனின் மேல்பரப்பைச் சுத்தம் செய்யும், ஆனால் தோலுக்கு அடியில் இருப்பதை அதனால் எடுக்க முடியாது. பூண்டு மீனின் பசியைத் தூண்டலாம். அந்த அளவில் நல்லது.

சாப்பாடு

சாப்பிடுகிற மீன் பிழைக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வது அனுபவ வார்த்தை. டாங் மீனுக்கு நோரி கடற்பாசித் தாளைச் சின்னதாகக் கிழித்து, கண்ணாடியில் கிளிப் போட்டு நிறுத்துங்கள். மற்றவற்றுக்கு உறைந்த மைசிஸ் இறால். அதையும் தொடாவிட்டால் உயிரோடு நீந்தும் ஆர்ட்டீமியா என்ற குட்டி இறால் வகை. அசைகிற இரையைப் பார்த்தால் சோர்ந்த மீனும் ஒரு வாய் எடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு வேளை. பத்து நிமிடத்தில் மிச்சத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். ஃபில்டரில் நல்ல பாக்டீரியா இன்னும் வளராத சின்னத் தொட்டியில் ஒரு துண்டு இறால் அழுகினாலே அம்மோனியா ஏறிவிடும். விளக்கு மங்கலாக இருக்கட்டும். அடிக்கடி போய் எட்டிப் பார்க்காதீர்கள். பார்க்கவேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும், எனக்கும் அப்படித்தான்.

காலியாக ஓடும் தொட்டி

பெரிய தொட்டியில் மீன் இல்லாமல் 76 நாள். 72 நாள் கழித்துப் பொரிந்த கணக்கு இருப்பதால், மேலே நாலு நாள் கூட்டிச் சொல்கிறார்கள். கடைசி மீனை எடுத்த நாளிலிருந்து எண்ணவேண்டும். பவளம், இறால், நத்தை, நண்டு எல்லாம் அங்கேயே இருக்கலாம். அவற்றின் உடம்பில் இந்த ஒட்டுண்ணி வளராது. வாரம் இரண்டு முறை ஒரு சிட்டிகை தீனி போட்டால் ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியா பட்டினி கிடக்காது. பொரியும் ஒவ்வொரு குஞ்சும் மீனைத் தேடித் தேடி ஓரிரு நாளில் மடியும்.

இந்த 76 நாளும் இரண்டு தொட்டிக்கும் ஒரே வலை, ஒரே குழாய், ஈரக்கை கூடாது. ஆஸ்பத்திரித் தொட்டியை அடுத்த அறையில் வையுங்கள். ஏர் ஸ்டோன் தெறிக்கும் துளிகூட ஒட்டுண்ணியைக் கொண்டுபோகும். இன்னொரு எச்சரிக்கை: நோயிலிருந்து தப்பிய மீனுக்குச் சில மாதங்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். அதைப் பார்த்து, 'மீனை எடுக்காமலே எங்கள் தொட்டியில் சரியாகிவிட்டது' என்பார்கள். செவுளில் ஒன்றிரண்டு ஒட்டுண்ணி சத்தமில்லாமல் சுழன்றுகொண்டிருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு புது மீன் வந்து சேரும் நாளில் மறுபடி வெடிக்கும்.

புது மீனைத் தனித்தொட்டியில் குறைந்தது நான்கு வாரம் வைத்துப் பார்த்து, அதன் பிறகே பெரிய தொட்டியில் விட்டால் இவ்வளவும் தேவைப்படாது. எந்த மீனை வாங்குகிறோம் என்பதிலும் பாதி இருக்கிறது. பவுடர் ப்ளூ டாங் இந்தியப் பெருங்கடலின் மீன். கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் வெள்ளைப்புள்ளிக்கு முதலில் விழுவதும் அதுதான். முதல் தொட்டிக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கோமாளி மீன் என்றால் கடலில் பிடித்ததை விட்டுவிட்டு, குஞ்சு பொரித்து வளர்த்ததைக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கி எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. தொட்டியில் பிறந்த மீன் தீனிக்குப் பழகியிருக்கும். பவளப்பாறையிலிருந்து பிடிபட்டு, பையில் அடைபட்டு, ஊர் ஊராக மாறிவந்த அலைச்சல் அதற்குக் கிடையாது.

திருப்பூர்த் தம்பி இரண்டாவது போனுக்குப் பிறகு அன்று இரவே இரண்டு பிளாஸ்டிக் தொட்டி வாங்கிவிட்டார். ஒரு கோமாளி மீன் இரண்டாம் நாளே போய்விட்டது. செவுள் அவ்வளவு கெட்டிருந்தது. மற்ற இரண்டையும் அலாரம் வைத்து மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினார். 7ஆம் நாள் மாற்றும்போதும் டாங் மீனில் நாலு புள்ளி இருந்ததைப் பார்த்துப் பதறிப்போனார். "பரவாயில்லை தம்பி, அது ஒரு வாரக் கணக்குக்குள்ளதான், இறங்கிடும். மாத்துற நாளை மட்டும் தவறவிடாதீங்க" என்றேன். 13ஆம் நாள் கடைசியாக மாற்றிய தொட்டியில், பாட்டிலில் விற்கிற நல்ல பாக்டீரியாவை ஊற்றிய புது ஸ்பான்ஞ் ஃபில்டரோடு மீதி நாட்களைக் கழித்தன.

77ஆம் நாள் காலை பெரிய தொட்டியின் சலினிட்டியை அளந்தார்: 1.026. ஆஸ்பத்திரித் தொட்டியில் 1.023. அப்படியே விடவேண்டாம் என்றேன். இரண்டு நாள் எடுத்துச் சின்னத் தொட்டியை மெல்ல ஏற்றிச் சமமாக்கி, பெரிய தொட்டியின் விளக்கை அணைத்துவிட்டு, வடிகூடையில் எடுத்துக் கொண்டுபோய் விட்டார். கோமாளி மீன் நேராகப் பழைய மூலைக்குப் போனது. டாங் மீன் கொஞ்ச நேரம் பம்புக்குப் பின்னால் நின்றுவிட்டு, இரண்டரை மாதமாகத் தின்ன ஆளில்லாமல் கல்லில் மண்டியிருந்த பாசியைக் கொறிக்க ஆரம்பித்ததாம். போனில் அதன் வீடியோவை அனுப்பியிருந்தார்.